முப்பது கிலோமீட்டர் தள்ளி

ஊர் விட்டு ஊர் போய் குடியேறின கதைன்னாலே அமெரிக்கா, சிங்கப்பூர், குறைஞ்சபட்சம் பெங்களூருன்னுதான் ஆரம்பிப்பாங்க. சென்னையில உக்காந்து இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப்பேர் அப்படி ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தவங்கதான். எனக்குத் தெரிஞ்சது முப்பது கிலோமீட்டர் கதை. என் தங்கச்சி ஆம்பூருக்குப் போய் குடியேறினது. எங்க ஊர் குடியாத்தம் பக்கம். இங்க காலையில பஸ் ஏறி, அங்க மத்தியானம் சாப்பிட்டுட்டு, பொழுது சாயறதுக்குள்ள திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிடலாம். அவ்ளோ கிட்ட. ஆனா அங்க ஒட்டிக்கிறதுக்கு அவளுக்கு எட்டு வருஷம் ஆச்சு.

சரியாச் சொன்னா அவ எங்க ஊர்ல இருந்து ஆம்பூர் போகல. கல்யாணம் பண்ணிக் கொடுத்தது பாலாத்தங்கரை ஊர் ஒண்ணுக்கு, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவுல. ஊர் பேரு வேணாம். 2003ல மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். தென்னந்தோப்பு, பெரிய கிணறு, ரெண்டு ஜோடி மாடு. எல்லாரும் திண்ணையில உக்காந்து பேசிட்டிருக்க, எங்க நயினா மட்டும் மெதுவா எழுந்து கிணத்தாண்ட போனாரு. தொட்டியில இருந்த தண்ணியை ஒரு கை அள்ளி வாயில வச்சுட்டுத் துப்பினாரு. வர்ற வழியில பஸ்ல சொன்னாரு: "தண்ணி கரிக்குதுடா. இந்தத் தண்ணியில தென்னை எத்தினி வருசம் நிக்கும்?" எங்க அம்மா விடல. "பொண்ணு கட்டிக் குடுக்கப் போறோமா, பயிர் வெக்கப் போறோமா? பையன் நல்ல பையனா கீறான்." பையன் நல்ல பையன்தான், அதுல அம்மா சொன்னது சரி. தண்ணியில நயினா சொன்னதும் சரி.

அந்தத் தண்ணி ஏன் கரிச்சதுன்னு ஒரு பத்தி சொல்லிடறேன், இல்லாட்டி மத்தது புரியாது. வேலூர் பக்கம் தோல் தொழில் ரொம்பப் பழசு. எங்க தாத்தா காலத்துல மலையடிவாரத்துல ஆவாரம்பட்டை உரிச்சு, கட்டுக்கட்டா வண்டியில ஏத்தி தோல் ஷாப்புக்குக் கொண்டுபோய் வித்திருக்காங்க. ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு. அப்பவும் நாத்தம்தான், ஆனா அந்தக் கழிவு இவ்வளவு கெடுதல் பண்ணலன்னு பெரியவங்க சொல்லுவாங்க. 1970கள்ல, பாதி பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, முடிச்ச தோலாவோ செருப்பாவோ அனுப்புங்கன்னு அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்துச்சு. நாட்டுக்கு நல்ல யோசனைதான். ஆனா குரோம் உப்பு போட்டுப் பதனிடறது அதிகமாச்சு, கழிவுத் தண்ணி பாலாத்து மணல்ல இறங்குச்சு. பாலாறு வருஷத்துல முக்கால்வாசி நாள் வெறும் மணல். ஓடுற ஆறா இருந்தா அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும். ஓடாத ஆறு எல்லாத்தையும் கீழ வாங்கி வச்சுக்கிச்சு.

வேலூர்க்காரங்க சிலர் சேர்ந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க. 1996 ஆகஸ்ட் 28ல தீர்ப்பு வந்துச்சு. சட்டம் படிக்கிற பிள்ளைங்க எல்லாரும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறாங்களாம், என் அக்கா பையன் சொன்னான். மாசுபடுத்தினவனே செலவை ஏத்துக்கணும்கிற விதியை இந்தியாவுல நல்லா ஊனி வச்ச தீர்ப்பு அது. தோல் ஷாப் இருக்கிற இந்தப் பட்டையில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ பயிருக்கு ஆகாமப் போச்சுன்னு அதுலயே எழுதியிருக்கு. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். அப்புறம் இழப்பீட்டுக்குன்னு ஒரு ஆணையம் வந்து, 29,193 பேருக்கு மொத்தம் 26.82 கோடி ரூபாய்னு கணக்குப் போட்டுச்சு. கேக்கப் பெரிய தொகை. வகுத்துப் பாருங்க, சராசரியா ஆளுக்கு 9,200 ரூபாய்கூட வரல. ஒரு தென்னை காய்ப்புக்கு வர்றதுக்கு எத்தனை வருஷம்னு தெரிஞ்சவங்களுக்கு அந்தக் கணக்கு புரியும்.

தங்கச்சி மாமனாருக்கும் அந்தப் பணம் வந்துச்சு. அதுல ஒரு கறவை மாடு வாங்கினாரு. மாடு நல்ல மாடு, அதுவும் அந்தத் தண்ணியைத்தான் குடிச்சுது.

2013ல மாமனார் போனதுக்கப்புறம் தோப்புல பாதி மரம் கொண்டை சிறுத்து நின்னுச்சு. காய் சுண்டைக்காய் மாதிரி. போர் போட்டாங்க, அதுலயும் அதே கரிப்பு. பெரிய பையன் அஞ்சாவது போகணும். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்துல ஒரு டாட்டா ஏஸ்ல கட்டில், பீரோ, அரிசி டிரம், அம்மிக்கல் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு ஆம்பூர் போனாங்க. அம்மிக்கல்லை ஏன் எடுத்துப் போறேன்னு கேட்டேன். "அங்க கல்லு கிடைக்குமோ கிடைக்காதோண்ணா" என்றாள். என்னமோ சஹாரா பாலைவனத்துக்குப் போற மாதிரி. போய்ப் பார்த்தா அம்மியை வைக்க இடமில்லை. ரொம்ப நாள் அது மாடிப்படிக்குக் கீழ கவுத்துக் கிடந்துச்சு.

ஒரு ஹால், ஒரு சமையலறை, வெளிய மூணு வீட்டுக்குப் பொதுவா கழிவறை. ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுச் சுவர். முதல் மாசம் அவ போன்ல பேசினதெல்லாம் தண்ணியைப் பத்தி மட்டும்தான். குழாய்ல எப்ப வருதுன்னு தெரியல, ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்தா குடத்தோட நிக்கணும், மத்தபடி கேன் தண்ணி. இப்ப அந்த ஊர்களுக்கெல்லாம் மேட்டூர்ல இருந்து குழாய்ல காவிரித் தண்ணி வருது. பாலாத்தங்கரையில உக்காந்துக்கிட்டு காவிரியைக் குடிக்கிறாங்க. எனக்கு அதை நினைச்சா சிரிப்பு வரும், தங்கச்சிக்கு வராது. "உனக்கின்னா, மோர்தானா கால்வாய் கீது" என்பாள்.

ரெண்டாவது, குப்பை. இதை நகரத்துல பொறந்து வளர்ந்தவங்க யோசிச்சிருக்க மாட்டீங்க. கிராமத்துல சாம்பல், காய்த்தோல், வடிச்ச கஞ்சி, பாத்திரம் கழுவின தண்ணி எதுவுமே குப்பை இல்ல. மாடு தின்னும், கோழி கொத்தும், வாழைக்குப் போகும், எருக்குழிக்குப் போகும். ஆம்பூர்ல வடிச்ச கஞ்சியைக் கையில வச்சுக்கிட்டு எங்க ஊத்தறதுன்னு தெரியாம நின்னேன்னு சொன்னா. சாக்கடையில ஊத்த கை வரலியாம். மூணாவது மாசத்துல இருந்து குக்கர்ல வச்சுட்டா. பிரச்சினை தீர்ந்துச்சு. அதுக்கப்புறம் அவ வீட்டுச் சோறு எனக்கு ருசிக்கலங்கிறது வேற விஷயம்.

அடுத்த வீட்டுல ஒரு வயசான ஆப்பா. அவங்க வீட்டுல உருதுதான் பேச்சு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு போனீங்கன்னா தெரியும், ஒரு தெருவுல தமிழ், அடுத்த தெருவுல உருது, நடுவுல கடைக்காரர் ரெண்டும் பேசுவாரு. தங்கச்சிக்கு முதல்ல பயம். ஆப்பா ஒருநாள் கதவைத் தட்டி, இவ கோலம் போடற இடத்துல அவங்க பேரன் சைக்கிளை நிறுத்திட்டான்னு திட்டிக்கிட்டே எடுக்க வச்சாங்களாம். அன்னிக்கு ஆரம்பிச்ச பேச்சு. ரம்ஜான் மாசம் பூரா நோன்புக்கஞ்சி ஒரு தூக்குல வந்துடும். நான் எங்க கொல்லி மல்லாட்டை கொண்டுபோனா பாதி அந்த வீட்டுக்குப் போகும். ஆம்பூர் பிரியாணி ஓட்டல்ல சாப்பிட்டிருப்பீங்க, சீரகச் சம்பா, கூட அந்தக் கத்திரிக்காய். ஆப்பா வீட்டுல ஒருதடவை சாப்பிட்ட பிறகு நான் ஓட்டலுக்குப் போறதில்லை. என் தங்கச்சி பொண்ணு இப்ப தமிழ், உருது ரெண்டுலயும் சண்டை போடும்.

வேலைக்குப் போனது 2014ல. மாப்பிள்ளை ஒரு மண்டியில மூட்டை ஏத்தி இறக்கப் போயிட்டிருந்தாரு, வாடகைக்கே சரியாப் போச்சு. தெருவுல பாதிப் பொம்பளைங்க ஷூ கம்பெனிக்குப் போறாங்க. காலையில கம்பெனி பஸ் வந்து நிக்கும். பேரணாம்பட்டு, மாதனூர் பக்கத்துக் கிராமங்கள்ல இருந்தெல்லாம் பஸ் பஸ்ஸா பொம்பளைங்க வர்றாங்க. இவளும் ஏறினா. முதல்ல ஓரம் இளைக்கிற மெஷின் பக்கம் உதவிக்கு, அப்புறம் சொல்யூஷன் தடவி ஒட்டற இடம், அப்புறம் மேல்பாகம் தைக்கிற மெஷின். ஷூவோட மேல்பாகம் தைக்கிறது விளையாட்டில்ல. தோல் துணி மாதிரி இல்லை. ஒரு தடவை ஊசி இறங்கிட்டா ஓட்டை ஓட்டைதான், பிரிச்சுத் தைக்க முடியாது.

கைவேலை அவளுக்குக் கஷ்டமில்லை. நாத்து நடுறவ கைக்கு வேகம் சொல்லித் தரணுமா? மணிதான் கஷ்டம். கழனியில வேலை நிறைய, ஆனா நிமிரணும்னா நிமிரலாம், தண்ணி குடிக்கணும்னா வரப்புக்குப் போகலாம். அங்க ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஜோடின்னு கணக்கு, போர்டுல எழுதுவாங்க. கழிவறைக்குப் போனாலும் கணக்கு. முதல் மூணு மாசம் ராத்திரியில கால் ரெண்டும் இழுக்கும், தூக்கத்துல கை தைக்கிற மாதிரி ஆடும்னு மாப்பிள்ளை சொன்னாரு. விட்டுட்டு வந்துடும்மான்னு சொன்னேன். பேசாம இருந்தா. அஞ்சாவது மாசம் ஏடிஎம் கார்டை எடுத்துக் காமிச்சா. "இது எம்பேர்ல கீதுண்ணா."

அதுல எனக்கு அப்ப ஒண்ணும் பெருசாத் தோணல. இப்ப யோசிச்சா, எங்க குடும்பத்துல ஒரு பொம்பளை பேர்ல தனியா எதுவும் இருந்ததில்லை. அவ மாமனாருக்கு வந்த இழப்பீட்டுச் செக் மாமனார் பேர்ல. எங்க நிலம் எங்க நயினா பேர்ல இருந்து எனக்கு வந்துச்சு. கழனியில எங்க அம்மா செஞ்ச வேலைக்கு எந்தக் காகிதத்துலயும் பேர் கிடையாது.

மாமியாரையும் கூட்டிட்டு வந்தாங்க. அந்தம்மாவால ஒட்டவே முடியல. நடவு நட்டா பயிர் முதல் ஒரு வாரம் மஞ்சளாப் படுத்திருக்கும், அப்புறம் பச்சை பிடிக்கும்னு தெரியும். ஆனா அது இருபது இருபத்தஞ்சு நாள் நாத்துக்குத்தான். முத்தின நாத்தைப் பிடுங்கி நட்டா தூர் கட்டாது. அந்தம்மா வாசப்படியில உக்காந்து போற வர்ற ஆளுங்க கிட்ட எந்த ஊருன்னு கேக்கும். எதிர்வீட்டுல பீகார்ல இருந்து தோல் ஷாப்புக்கு வந்த பசங்க ஏழெட்டுப் பேர் ஒரே ரூம்ல. அவங்க கிட்டயும் கேக்கும், அவங்க சிரிப்பாங்க. அம்மாவுக்கு ஒரு கோழி வளர்க்கணும்னு ஆசை. ஓனர் ஒத்துக்கல. ஒரே வருஷத்துல துணியை மூட்டை கட்டி, கரிப்புத் தண்ணி இருந்தாலும் எங்க வீடுன்னு தோப்புக்கே போயிடுச்சு.

அந்தம்மாவுக்கு 2018ல வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் ஆச்சு. நானும் நாலு நாள் கூட இருந்தேன். சிஎம்சி எதிர்ல பாபுராவ் தெருவுல நடந்தீங்கன்னா வேலூர்ல இருக்கோமா கல்கத்தாவுல இருக்கோமான்னு சந்தேகம் வரும். பெங்காலி போர்டு, பெங்காலி சாப்பாடு. 1900ல ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்ச இடத்துக்கு இன்னிக்கு வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ்னு எங்கெங்கோ இருந்து ஜனம் வருது. காட்பாடியில ரயில் இறங்கி, லாட்ஜ்ல ரூம் எடுத்து, ஸ்டவ் வச்சு, வாரக்கணக்குல, சில பேர் மாசக்கணக்குல குடித்தனம் பண்றாங்க. காய்க்கடைக்காரம்மா பெங்காலியில விலை சொல்றாங்க. எங்க லாட்ஜ்ல பக்கத்து ரூம் அம்மா பூசணிக்கொடியோட இளந்தளிரைச் சமைச்சாங்க. நம்ம கொல்லியில பிடுங்கி மாட்டுக்குப் போடறது. நான் பார்த்துக்கிட்டே நின்னதும் ஒரு கரண்டி கொடுத்தாங்க. கடுகெண்ணெய் வாசம் எனக்கு ஒத்துக்கல, ஆனா கீரை நல்லாருந்துச்சு. ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்த அந்தம்மா ரெண்டாவது வாரமே எந்தக் கடையில எது கிடைக்கும்னு எனக்குச் சொல்லுது, முப்பது கிலோமீட்டர்ல இருந்து வந்த நான் முழிக்கிறேன். திரும்பிப் போகப்போறோம்னு நிச்சயமாத் தெரிஞ்சா எந்த ஊரும் சீக்கிரம் பழகிடும் போல.

2019 நவம்பர்ல மாவட்டத்தைப் பிரிச்சாங்க. குடியாத்தம் வேலூர் மாவட்டத்துலயே இருக்கு, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். "இப்போ நானு வெளிமாவட்டத்துக்காரி ஆய்ட்டேன்" என்றாள். அடுத்த மார்ச்சுல ஊரடங்கு. கம்பெனி மூடிட்டாங்க. எப்படியோ அனுமதி வாங்கி பிள்ளைங்களோட எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் இருந்தா. கேவுரு அறுப்புக்கு இறங்கினா. வேகம் குறையவே இல்லை. ஆனா ஒண்ணு கவனிச்சேன். வரப்புல உக்காந்தா மணி பார்க்கிறா. ஒரு மணி நேரத்துல இத்தனை கட்டுன்னு வாய்க்குள்ள எண்றா.

அப்புறம் 2021 நவம்பர். பாலாத்துல தண்ணி வந்ததை நீங்க டிவியில பார்த்திருப்பீங்க. 1903க்கு அப்புறம் இப்படி ஒரு வெள்ளம் இல்லைன்னு சொன்னாங்க. ஆத்தையே மணலாப் பார்த்துப் பழகின பிள்ளைங்க பாலத்து மேல நின்னு செல்ஃபி எடுத்துச்சுங்க. வெள்ளம் வடிஞ்சு மூணாவது வாரம் மாப்பிள்ளை எனக்குப் போன் பண்ணாரு. குரல் நடுங்குது. "மச்சான், கிணறு மேல வந்துருச்சு. கையால மொள்ளலாம். கரிப்பு குறைஞ்சிருக்குது மச்சான்."

நான் போனேன். நயினா இல்லை, அவருக்குப் பதிலா நான் ஒரு கை அள்ளி வாயில வச்சேன். குறைஞ்சிருந்தது உண்மை. முழுசாப் போகல. அன்னிக்கு ராத்திரி தோப்பு வீட்டுல எல்லாரும் உக்காந்தோம். மாப்பிள்ளைக்கு ஒரே பேச்சு: ஆம்பூர் வீட்டைக் காலி பண்ணிடலாம், செத்த மரத்தை எடுத்துட்டு புதுசா வைக்கலாம், ரெண்டு மாடு வாங்கலாம். மாமியார் கண்ணுல தண்ணி. பெரிய பையன் பாலிடெக்னிக்ல இருந்தான், அவன் ஒண்ணும் சொல்லல. எல்லாரும் தங்கச்சியைப் பார்த்தோம்.

"நான் வரல" என்றாள்.

அவ கோபமாச் சொல்லல. கணக்காச் சொன்னா. இந்தத் தண்ணி வெள்ளத் தண்ணி, ரெண்டு வருசம் மழை இல்லன்னா மறுபடியும் கீழ இருக்கிற உப்புதான் மேல வரும். பிஎஃப் ஏழு வருசம் ஆச்சு. ஈஎஸ்ஐ கீது, நாளைக்கு ஒண்ணுன்னா வேணும். பொண்ணு பள்ளிக்கூடம் போற தூரத்துல கீது. அப்புறம் கொஞ்ச நேரம் விட்டுட்டு, "எனக்கு அங்க பழகிப்போச்சு" என்றாள். மாப்பிள்ளை எழுந்து கிணத்துப் பக்கம் போயிட்டாரு. எனக்கு உடனே தோணினது இவ அண்ணனா இவளைக் கொஞ்சம் அதட்டலாமான்னுதான். அதட்டல. மண்ணை விடக்கூடாதுன்னு சொல்றது நிலம் பேர்ல இருக்கிறவனுக்கு சுலபம்.

ஒரு வாரம் அவங்க ரெண்டு பேரும் சரியாப் பேசிக்கல. அப்புறம் அவங்களே ஒரு வழி பண்ணிக்கிட்டாங்க. மாப்பிள்ளை மண்டி வேலையை விட்டுட்டு தோப்புல அம்மாகூட இருக்காரு. புதன்கிழமையும் சனிக்கிழமை ராத்திரியும் ஆம்பூர் வர்றாரு. தங்கச்சி ஞாயித்துக்கிழமை தோப்புக்குப் போறா. பிள்ளைங்க இஷ்டப்படி. ஊர்ல சிலர் தப்பாப் பேசினாங்க, புருஷனை விட்டுட்டு டவுன்ல இருக்கான்னு. அப்படிப் பேசினவங்க வீட்டுப் பொண்ணுங்களும் அதே கம்பெனி பஸ்லதான் போகுது.

2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் மறுபடியும் ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. பாக்கி இழப்பீட்டைக் கொடுங்க, பாலாத்தைச் சரி பண்ண ஒரு குழு போடுங்கன்னு. மாப்பிள்ளை பேப்பர் கட்டிங்கை எடுத்துட்டு வந்து காமிச்சாரு. முதல் தீர்ப்பு வந்து 28 வருஷம் ஓடிடுச்சு. வந்தா பார்க்கலாம்னு அவர் பட்டா, பழைய ரசீது எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வச்சிருக்காரு. அதே வருஷம் ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்ப தங்கச்சிக்கு ஓவர்டைம் நின்னுச்சு. அந்த ரெண்டு மாசம் வாடகையை மாப்பிள்ளை பால் காசுல கட்டினாரு. இதை அவர் ரெண்டு தடவை சொன்னாரு. தங்கச்சி ரெண்டு தடவையும் சிரிச்சா.

தண்ணி இப்ப மறுபடி கொஞ்சம் கரிக்க ஆரம்பிச்சிருக்கு. மாட்டுப்புல் தாங்குது, புதுசா வச்ச தென்னங்கன்னு இருபதுல பதினாலு நிக்குது. நான் போன மாசம் போனப்ப எங்க வண்டியில ரெண்டு மூட்டை தொழுவுரம் கொண்டுபோய்ப் போட்டேன். அம்மிக்கல் மாடிப்படிக்குக் கீழ இல்லை. எங்கன்னு கேட்டேன். ஆப்பா வீட்டுல மருமகளுக்குப் பிரசவம், மருந்து அரைக்கணும்னு கேட்டாங்களாம், கொடுத்திருக்கா. திருப்பிக் கேக்கலியான்னேன். "அடுத்த ஊடுதானேண்ணா, எங்க போகப் போவுது" என்றாள். வைகாசி ஒண்ணாம் தேதி கெங்கையம்மன் சிரசுக்கு ஆப்பாவையும் கூட்டிட்டு வரேன், கேவுரு மாவு அஞ்சு கிலோ அரைச்சு வைன்னு சொல்லியிருக்கா. மில்லுக்குப் போகணும்.